பொலித்தீன் சுற்றிய சறுக்கி

செவ்வாய்
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. களிமண் பிசைய வேண்டும். தண்ணீர்ப் பானை கழுவ வேண்டும்.

எங்கள் முன்பள்ளிக்குச் சறுக்கியும் ஊஞ்சலும் வந்துவிட்டன. கனடாவில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவரின் அன்பளிப்பு. பிள்ளைகளுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். பத்து நிமிடம்கூட இல்லை, முன்பள்ளியை நடத்தும் சனசமூக நிலையத்தின் தலைவர் வந்து இரண்டையும் பொலித்தீனால் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டுவித்தார். வெள்ளிக்கிழமை பிரதம விருந்தினர் வந்து நாடா வெட்டும்வரை ஒருவரும் தொடக்கூடாதாம்.

"ஒரு கீறல் விழுந்தாலும் படத்திலை தெரியும், ரீச்சர்."

அபிநயா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். நாலு வயது. "ரீச்சர், சறுக்கிக்குக் காய்ச்சலோ? போர்த்துக்கொண்டு நிக்குது."

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் எரிச்சல்தான். யாருக்கு வந்த சாமான் அது?

புதன்
கதை இல்லை, களிமண் இல்லை. வரவேற்பு நடனம் மட்டும். அதுவும் நடு முற்றத்தில். மேடை அங்கேதானாம், அங்கேயே பழக வேண்டுமாம்.

பதினொரு மணி வெயிலில் கவின் சுருண்டு விழுந்தான். வேப்பமர நிழலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முகத்தில் தண்ணீர் அடித்து, கொஞ்சம் பருக்கிய பிறகுதான் கண் திறந்தான்.

தலைவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. "காலமை சாப்பிடாமல் வந்திருப்பான். மற்றவையை ஆடச் சொல்லுங்கோ."

"இனி ஒருத்தரும் வெயிலிலை ஆடமாட்டினம்," என்றேன். அவ்வளவு கோபம்.

வெள்ளி
எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமல் நித்திரையும் வராது.

விடியவே பிள்ளைகள் பவுடர், பொட்டு, கடதாசிக் கிரீடத்தோடு வந்து வரிசையில். பந்தலாவது போட்டிருந்தார்கள். விருந்தினர் இந்தா வாறார், இந்தா வாறார். மதியமும் தாண்டியது. அபிநயா நின்றபடியே சட்டையில் மூத்திரம் போய்விட்டாள்.

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"அசையக்கூடாது எண்டவை, ரீச்சர்." விம்மி விம்மி அழுகை.

அவளைக் கழுவி உடுப்பு மாற்றி வெளியே வர, தலைவருக்குத் தொலைபேசி. விருந்தினர் வரவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாமாம்.

தலைவர் பிள்ளைகள் பக்கம் திரும்பவே இல்லை. "பொலித்தீனை அப்பிடியே விடுங்கோ. அடுத்த மாதத்துக்கு உதவும்."

குசினிக்குள் போய்க் கத்தியை எடுத்து வந்து கயிற்றை அறுத்தேன்.

"ஆரைக் கேட்டு வெட்டினனீங்கள்?"

"உதிலை விளையாடப்போற ஆக்களைக் கேட்டு."

"திங்கட்கிழமை நீங்கள் வரத்தேவையில்லை."

பிள்ளைகளுக்கு இது ஒன்றும் கேட்கவில்லை. கிரீடத்தோடேயே சறுக்கியில் ஏறிவிட்டார்கள்.

திங்கள்
இரவு மழை. முற்றம் முழுக்கச் சேறு.

போனேன். வேலை இருக்கிறதோ இல்லையோ, பிள்ளைகள் வருவார்களே. ஞாயிறு தலைவர் யாரையோ விட்டு மறுபடி பொலித்தீன் கட்டுவித்திருக்கிறார். நான் போக முன்னமே தாய்மார் அதை அவிழ்த்து மடித்து மதிலடியில் வைத்துவிட்டார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பால் சறுக்கியின் ஈரம் துடைத்துக்கொண்டு நின்றாள்.

தலைவரின் மோட்டார் சைக்கிள் வந்தது. "ஆர் அவிட்டது?"

கவினின் தாய் முன்னுக்கு வந்தாள். என்னோடு கதைக்கவே கூச்சப்படுகிறவள்.

"நாங்கள்தான், அண்ணை. ரீச்சரையும் நாங்கள்தான் வரச்சொன்னது."

தலைவர் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

என்னை ஒருவரும் வரச்சொல்லவில்லை.