காலி கண்டெய்னரும் அண்ணனும்

ஐப்பசி 12, செவ்வாய்

நாளைக் காலை அண்ணனுக்கு இதய அறுவை சிகிச்சை. மாலையில் ஆஸ்பத்திரியில் கேட்டான்: “ஏளா, பிரபஞ்சம் ஒண்ணுமில்லாததுல இருந்து வந்திருக்கலாம்னு காலேஜ்ல பாடம் நடத்துதியே, நெசமா?”

“வந்திருக்கலாம்” என்றேன்.

“ஹார்பர்ல முப்பது வருசம் காலி கண்டெய்னரைத் திறந்து பாத்து சீல் வச்சவன் நான். எதுவும் முழுக் காலி இல்ல. தூசியாவது கிடக்கும்.”

இயற்பியல்காரர்கள் நாங்கள் சொல்லும் வெறுமையிலும் விதிகள் மிச்சம் இருக்கின்றன. அவை எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியாது. அதனால், “நீ சொல்லுதது சரியா இருக்கலாம், அண்ணே” என்றேன்.

அவன் கட்டிலருகே இருந்த மதினியைப் பார்த்தான். “இவ எங்கிட்ட ஒரு நாளும் தோத்ததில்ல. டாக்டர் என்னமோ சொல்லிருக்காரு.”

டாக்டர் எதுவும் சொல்லவில்லை. நானும் பரிதாபப்பட்டு ஒத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு சொல்லியும் அவன் நம்பவில்லை. இன்றும் நான் வழக்கம்போல் மறுத்துப் பேசியிருக்கலாம். இந்நேரம் தூங்கியிருப்பானா?