நீங்கள் கேட்டு வைத்த ஞாயிறு

அக்கா,

உங்களுடைய தோடம்பழ நிற வேட்டைச் சட்டை இப்போது ரூ பெர்தொனே தெருவில், எங்கள் தையற்கடைக் கொழுக்கியில் தொங்குகிறது. போன கிழமை அத்தான் கொண்டுவந்து தந்தார். ஈரமண் மணம் இன்னும் போகவில்லை. பிளவுஸ் தைக்க வருகிறவர்கள், "இதென்ன, றோட்டு வேலைக்காரற்றை சட்டையோ?" என்று கேட்கிறார்கள்.

2009இல் இதே கடையில் நாம் தைத்துக்கொண்டிருந்தபோதுதான், ஊரில் உங்கள் தம்பி துவக்குச் சூடுபட்டு இறந்த செய்தி வந்தது. அந்த வருடத் தேர்த் திருவிழாவன்று ரூ பஜோல் தெருவில் என் மகன் வாங்கிய, தண்ணீர் பீச்சும் விளையாட்டுத் துவக்கைப் பறித்துக் குப்பைத்தொட்டிக்குள் போட்டீர்கள். "துவக்கென்ன விளையாட்டுச் சாமானோ?" என்றீர்கள். அவன் குழறி அழுதான். நான் உங்கள் பக்கம்தான் நின்றேன்.

அத்தானுக்கு வேலை கிடைத்து நீங்கள் பிரெஞ்சுக் கிராமமொன்றுக்குப் போன முதல் இலையுதிர்காலத்தில், ஒரு ஞாயிறு நான் வந்திருந்தேன். இடியப்பம் அவிந்துகொண்டிருந்தது. வெளியே வெடிச் சத்தம். இருவரும் குசினி மேசைக்குக் கீழே குப்புறப் படுத்துவிட்டோம். பக்கத்து வீட்டுக் கிழவர், தாங்கள் சுட்ட காட்டுப்பன்றியில் ஒரு பங்கோடு கதவைத் திறந்தபோதும் நாங்கள் நிலத்தில்தான் கிடந்தோம். அவர் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

இரண்டு வருடம் கழித்து போனில், "நான் வேட்டைக்குப் பெர்மி, அதுதான் அனுமதிப் பத்திரம், எடுத்திட்டன். துவக்கும் வாங்கியாச்சு" என்றீர்கள், அரிசி வாங்கியதைச் சொல்வதுபோல. பன்றிகள் உருளைக்கிழங்குப் பாத்தியைக் கிண்டுகின்றனவாம். அந்தப் பக்கம் மண்வெட்டி இல்லாத வீடும் இல்லை, துவக்கு இல்லாத வீடும் இல்லையாம். "இஞ்சை ஆர் சுடுறது, ஏன் சுடுறதெண்டு எனக்குத் தெரியுமடி. தெரிஞ்சா நெஞ்சு பதறாது."

எனக்கு விசர் வந்தது. "தம்பி எதாலை செத்தவனெண்டு மறந்திட்டீங்களோ?" என்று கேட்டேன்.

"வையடி போனை" என்றீர்கள். வைத்தேன். பிறகு மூன்று வருடம். "ஒருக்கா வாடி" என்று எத்தனை தடவை செய்தி அனுப்பினீர்கள்! துவக்கிருக்கிற வீட்டு வாசல் மிதிக்கமாட்டேன் என்று இருந்துவிட்டேன். உங்களுக்கு வருத்தம் முற்றிப் படுக்கையில் விழுந்ததுகூட எனக்குத் தெரியாது. செத்தவீட்டுக்குத்தான் வந்தேன்.

சட்டையைத் தரும்போது அத்தான் சொன்னார்: "வீட்டுப் பக்கம் சுடவேண்டாமெண்டு வேட்டைக்காரரிட்டைக் கேட்டுப் பார்த்தவ. வெளியாளின்ரை சொல்லை ஆர் கேட்பினம்? தானும் பெர்மி எடுத்து அவையளோடை சேர்ந்தாப் பிறகுதான் கேட்டவை. நீர் எங்கடை வீட்டுக்கு வாற ஞாயிறிலை மட்டும் அங்காலை தள்ளிப் போய்ச் சுடுறமெண்டு ஒத்துக்கொண்டவை. ஒவ்வொரு கிழமையும், சினேகிதி வாறாவோ எண்டு விசாரிப்பினம். இவ, 'வந்தாச் சொல்லுறன்' எண்டுவா."

துவக்கைப் பற்றிய என் எண்ணம் மாறவில்லை, அக்கா. அது இருக்கிற வீட்டில் இன்றைக்கும் எனக்குத் தண்ணீர் இறங்காது. ஆனாலும் நேற்று, சட்டையின் கிழிந்த பையைத் தைத்து மறுபடி கொழுக்கியில் மாட்டினேன்.

ஒரேயொரு ஞாயிறு. நீங்கள் கேட்டது அவ்வளவுதான். நான் தரவில்லை.