பின்னால் பிடித்து இழுக்கிற சைக்கிள்

சேசு மரி சூசை துணை.
பெங்களூரு

ரீட்டா அப்பாவுக்கு ஞானமேரி எழுதுவது. நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே. போனில் கேட்டால் "ஒண்ணுமில்லடி" என்று வைத்துவிடுகிறீர்கள்.

நான் சமைக்கிற வீட்டிலும் உங்களுடையது மாதிரி கரண்டு சைக்கிள்தான். நேற்று காய் வாங்கித் திரும்பும்போது சார்ஜ் தீர்ந்துவிட்டது. மிதித்தால் யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. இறக்கத்தில்கூடத் தானாக உருளவில்லை. தடுமாறி விழுந்ததில் முழங்காலில் லேசான சிராய்ப்பு, அவ்வளவுதான். சைக்கிள் கடைக்காரர் நம் தமிழாள். "சார்ஜ் இல்லேன்னா மோட்டாரையும் நீங்கதாம்மா மிதிச்சுச் சுத்தணும்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. சார்ஜ் இல்லாமல் தருமபுரம் வரை மிதித்துப் போய் நெஞ்சு அடைத்தது என்று அன்றைக்கு வாய்தவறிச் சொன்னீர்களே, அது சைக்கிளால் இருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் பயம் திரும்பிவிட்டது. சைக்கிளால் இல்லையென்றால்?

ரீட்டாவின் மோட்டார் இல்லாத பழைய சைக்கிளில் மாதா கோயில் வரை மெதுவாகப் போங்கள். அதிலும் அடைத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கஜா புயலன்று நெஞ்சுவலியை வாயு என்று சொல்லி மறைத்தீர்கள். அதை நான் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

யாராவது வந்தால் நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்புங்கள். இங்கே சோறு இறங்கவில்லை.

குக்கர் விசில் அடிக்கிறது. உறையில் ரீட்டா பேரைத்தான் எழுதியிருக்கிறேன். அவள் படித்துவிட்டுத்தான் உங்களிடம் தருவாள்.

ஞானமேரி