ஆணையர் அண்ணாச்சிக்கு

ஜனவரி 3, 2025 - வெள்ளி

அரையாண்டுத் தமிழ்த் தாள் திருத்தி முடித்தேன். பத்தாம் வகுப்பு ‘பி’யில் முப்பத்தாறு பேர், பதினொரு பேர் பெயில். பொதுத் தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை. இந்த மாநகராட்சிப் பள்ளிக்கு நான் தமிழ் நடத்த வந்து ஒன்பது வருடம். இவ்வளவு சிவப்பு மை செலவானது இந்த முறைதான்.

ஆனாலும் ஒரு தாளைப் பார்த்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். லிப்ஸா பெஹராவின் தாள். அப்பா ஒடிசாக்காரர், துறைமுகத்துப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்த பிள்ளை. தெருவிளக்கைச் சரிசெய்யக் கோரி மாநகராட்சி ஆணையருக்குக் கடிதம் எழுதுக என்பது கேள்வி. இவள் எழுதியிருக்கிறாள்:

“மதிப்பிற்குரிய ஆணையர் அண்ணாச்சிக்கு, எங்க தெருவுல ஒரு மாசமா லைட்டு எரியமாட்டுக்கு. லைன்மேன்ட்ட சொன்னா நாளைக்கு வாரேன்னு சொல்லுதாரு, வரமாட்டுக்காரு.”

எரியமாட்டேன் என்கிறது என்பதுதான் எங்கள் ஊர் வாயில் ‘எரியமாட்டுக்கு’. ஆணையர் படித்தால் அன்றைக்கே விளக்கு எரியும். மதிப்பெண்தான் விழாது. நூற்றுக்கு முப்பத்தொன்று.

ஜனவரி 6 - திங்கள்

தலைமையாசிரியர் கிளாட்வின் சார் கூப்பிட்டுவிட்டார். போன வருடம் தேர்ச்சி எண்பத்தாறு சதவீதம். இந்த வருடம் நூறு வேண்டுமாம்.

“வெளிமாநிலப் பிள்ளைகள் வந்ததுலேருந்துதான் டீச்சர் சதவீதம் இறங்குது. தேர்வுக்குப் பேர்ப்பட்டியல் இருபத்திரண்டாம் தேதி அனுப்பணும். அதுக்குள்ள அந்த லிப்ஸா அப்பாவைக் கூப்பிட்டு டி.சி. வாங்கிக்கச் சொல்லுங்க. ஊர்ல போய் அவங்க மொழியில படிக்கட்டும்.”

கெட்ட மனிதர் இல்லை. மேலே இருப்பவர்கள் இவரைக் கேட்கிறார்கள், இவர் எங்களைக் கேட்கிறார். ஆனால் பட்டியலில் பேர் இல்லையென்றால் அவளுக்கு ஒரு வருடம் போச்சு. ஒரு வருடம் மட்டுமா? ஒடியா எழுத்தே அவளுக்கு மறந்துபோச்சு. எங்கன போய் எதைப் படிப்பா அந்தப் பிள்ளை? அத்தோட படிப்பு முடிஞ்சுது.

சரி என்றும் சொல்லாமல் முடியாது என்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். இப்ப வாய் கிடந்து துடிக்குது. அங்கனயே கேட்டிருக்கலாம்லா? ஏன் கேக்கல நான்?

ஜனவரி 7 - செவ்வாய்

காலையில் இட்லி வேகும் நேரத்தில் சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பினேன். சாரே சதவீதம் பேசுகிறாரே, நாமும் பேசிப் பார்ப்போம் என்று யாருக்கு என்ன தாய்மொழி, என்ன மார்க் என்று எழுதினேன்.

வேறு தாய்மொழிப் பிள்ளைகள் நான்கு பேர். மூன்று பேர் ஐம்பதுக்கு மேல்! இவர்கள் எட்டிலும் ஒன்பதிலும் வந்தவர்கள். யாரோடும் அதிகம் பேசமாட்டார்கள். புத்தகத்தில் இருக்கிற தமிழைத் தவிர வேறு தமிழே தெரியாது. லிப்ஸா அப்படியில்லை. வந்த நாளிலிருந்து இசக்கிசெல்வியோடு ஒட்டிக்கொண்டவள். இசக்கிசெல்வியின் அப்பா சங்கு குளிக்கிறவர். இரண்டு வீடும் ஒரே தெரு, இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு, சண்டையும் ஒன்றாகவே போடுவார்கள்.

பெயிலான மற்ற பத்துப் பேரும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். எழுத்துப்பிழை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மதிப்பெண்ணை அள்ளிக்கொண்டு போனது பத்துத் தாளிலும் எங்கள் ஊர்ப் பேச்சான அதே ‘மாட்டுக்கு’, அதே ‘சொல்லுதாரு’தான்.

ஆக, லிப்ஸா வெளியூர்க்காரியாக இருப்பதால் பெயிலாகவில்லை. உள்ளூர்க்காரி ஆகிவிட்டதால் பெயிலாகியிருக்கிறாள்.

இட்லி கல்லாகிவிட்டது. வீட்டுக்காரருக்கு அதையே வைத்தேன்.

ஜனவரி 8 - புதன்

கணக்கைக் கொண்டுபோய் சார் மேசையில் வைத்தேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“இது பூரா நம்ம பிள்ளைகளா டீச்சர்?”

“நம்ம பிள்ளைகள்தான் சார். லிப்ஸாவும்தான்.”

“அவ பெயிலானா?”

“நான் பொறுப்பு சார். வேணும்னா எழுதித் தாரேன்.”

வாய் முந்திக்கொண்டது. எழுதியும் வாங்கிக்கொண்டார், மனுஷன்! வீட்டில் சொன்னதும் பெனிஸ்டன் சிரிக்கிறார்: “ஏட்டி, உனக்கு முந்தி உன் வாய் பொறந்திருக்கும்.” கட்டியவளைக் கிண்டல் பண்ண இவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜனவரி 9 - வியாழன்

வகுப்பில் விளக்கினேன். பேசுகிற தமிழ் நைட்டி மாதிரி, எழுதுகிற தமிழ் சுடிதார் மாதிரி; இரண்டும் நம் துணிதான், ஆனால் நைட்டியோடு ஆணையரைப் பார்க்கப் போவீர்களா?

லிப்ஸா எழுந்தாள். “எங்க தெருவுல நைட்டி மேல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டு ரேஷன் கடைக்கே போவாங்க டீச்சர்.”

“வாயடிக்காத. எழுதச் சொன்னா மட்டும் ஏன் எழுதமாட்டுக்க?”

“பாத்தீங்களா, நீங்களும் அப்படித்தான சொல்லுதீங்க!”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆனால் அவள் சொன்னது சரிதான். சொந்த ஊர் நாசரேத்தில் மூன்று தலைமுறை வாத்தியார் குடும்பம் என்று பீற்றிக்கொள்கிறவள் நான். அந்தப் பிள்ளைக்கு இந்தத் தமிழைச் சொல்லிக்கொடுத்ததில் இசக்கிசெல்விக்குப் பாதி, எனக்குப் பாதி.

உடனே ஒரு சட்டம் போட்டேன். தமிழ் வகுப்பு நடக்கும் நாற்பது நிமிடமும் எழுத்துத் தமிழில்தான் பேச வேண்டும். தவறினால் கரும்பலகை ஓரத்தில் ஒரு கோடு. எனக்கும் உண்டு. யாருக்குக் கோடு அதிகமோ அவர்கள் பலகையைத் துடைக்க வேண்டும்.

ஜனவரி 10 - வெள்ளி

முப்பத்தாறு பேருக்கும் சேர்த்துப் பதினான்கு கோடு. எனக்கு மட்டும் பதினேழு. துடைத்தேன்.

ஜனவரி 22 - புதன்

பேர்ப்பட்டியல் போய்விட்டது. லிப்ஸா பெஹரா, வரிசை எண் பத்தொன்பது. நானே மூன்று தடவை சரிபார்த்தேன்.

சேலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு நான் பலகை துடைப்பதை கிளாட்வின் சார் வாசலில் நின்று பார்த்தார். “என்ன டீச்சர் இது?” என்றார். வகுப்பே சேர்ந்து “எங்கள் ஆசிரியை தோற்றுவிட்டார், ஐயா!” என்றது. அவர் சிரிப்பை அடக்கியபடி போனதை நான் பார்த்துவிட்டேன்.

பிப்ரவரி 12 - புதன்

இசக்கிசெல்வியின் அம்மா பள்ளிக்கு வந்துவிட்டாள். முகமெல்லாம் கவலை.

“டீச்சர், பிள்ளை ஒரு மாதிரி பேசுதா. நேத்து சோறு திங்கும்போது ‘அம்மா, இன்னும் சிறிது குழம்பு ஊற்றுங்கள்’ங்கா. நான் பயந்துபோய்க் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயித் திருநீறு பூசிட்டு வந்தேன்.”

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கும் சிரிப்பு. போகும்போது, “ஒடிசாக்காரப் பிள்ளையும் பாஸாயிருவாள்லா டீச்சர்? அவ போயிட்டா இவ ஒத்தையிலே பள்ளிக்கூடம் வரமாட்டா” என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது எனக்கு.

மார்ச் 5 - புதன்

திருப்புதல் தேர்வு. பெயில் மூன்று பேர்தான். லிப்ஸா ஐம்பத்திரண்டு. அவள் தாளில் ஒரே ஒரு ‘மாட்டுக்கு’.

இன்று எனக்கு இரண்டே கோடு. பிள்ளைகள் துடைத்தார்கள்.

மார்ச் 28 - வெள்ளி

தமிழ்த் தேர்வு முடிந்தது. வாசலில் காத்திருந்தேன். லிப்ஸா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

“கடிதம் கேட்டிருந்தாங்க டீச்சர். கை தன்னால ‘அண்ணாச்சி’ன்னு எழுதிட்டு.”

எனக்கு உயிரே போய்விட்டது. தாளை வேறு மாவட்டத்தில் அல்லவா திருத்துவார்கள்! அங்கே இருக்கிறவர்களுக்கு அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைதானே ஞாபகம் வரும்?

“பெறவு?”

“அடிச்சிட்டு மேல ‘ஐயா’ன்னு எழுதிட்டேன். நைட்டி மேல துண்டு.”

ஓங்கி ஒன்று வைத்திருப்பேன். கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 20 - ஞாயிறு

ஈஸ்டர். ஆராதனையில் எழுந்து நின்று எல்லாருக்காகவும் ஜெபித்தேன். வரிசை எண் பத்தொன்பதுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

மே 16 - வெள்ளி

தமிழில் முப்பத்தாறுக்கு முப்பத்தாறு! லிப்ஸா அறுபத்தேழு. இசக்கிசெல்வி எழுபத்தொன்று. கணக்குப் பாடத்தில் இரண்டு பேர் பெயில். கணக்கு டீச்சர் சண்முகவடிவு துணைத் தேர்வுக்கு இன்றைக்கே அவர்களைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். ஆக, நூறு சதவீதம் இல்லை. ஆனாலும் கிளாட்வின் சார், நான் பொறுப்பு என்று எழுதிக்கொடுத்த தாளை மேசைக்குள்ளிருந்து எடுத்து, மடிப்புக் கலையாமல் என் கையில் தந்தார்.

ஜூன் 3 - செவ்வாய்

பள்ளி திறந்த இரண்டாம் நாள். லிப்ஸா பதினொன்றில் சேர வந்தாள். கூடவே ஒடிசாவிலிருந்து புதிதாக வந்த ஐந்து சின்னப் பிள்ளைகள், அவர்களின் அப்பாமார்கள். யாருக்கும் தமிழ் தெரியாது. கிளாட்வின் சார் ஐந்து விண்ணப்பத்தையும் அவளிடமே நீட்டி, “நீயே எழுதும்மா” என்றார்.

அவள் எழுதுவதைப் பின்னால் நின்று பார்த்தேன். ‘மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு.’ ஒரு பிழை இல்லை. தாய்மொழி என்ற இடத்தில் ‘ஒடியா’ என்று அழகாக எழுதினாள். சந்தோஷம்தான். ஆனாலும், நான் சிரித்த அந்தப் பழைய கடிதத்துக்காரி எங்கே போனாள் என்று மனதுக்குள் என்னவோ செய்தது.

நான்காவது விண்ணப்பத்தில் நிறுத்தினாள். பேனாவை இரண்டு தடவை உதறினாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

“டீச்சர், எழுதமாட்டுக்கு.”

என் பேனாவைக் கொடுத்தேன்.