இவருடைய தொண்டைப் பயிற்சி

செவ்வாய்க்கிழமை இரவு, கட்கி

இன்று இவருடைய தொண்டைப் பயிற்சி வகுப்புக்கு நானும் கூடப் போனேன். சொல்லித்தரும் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டிவைத்து மெதுவாக இறக்கச் சொன்னாள். இவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி செய்தார். "பஹுத் அச்சா, அங்கிள்," என்று பாராட்டினாள். இவர் முகம் மலர்ந்துபோனது.

தூக்கத்தில் மூச்சு நிற்பதை முதலில் யார் கவனித்தது என்று கேட்டாள். டாக்டர்தான் என்று இவர் இந்தியில் பதில் சொன்னார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். ஆறு வருஷமாகத் தோளை உலுக்கி இவரை மூச்சுவிட வைத்தவள் நான். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு காற்று மெஷினோடு படுங்கள் என்று எவ்வளவு கெஞ்சியிருப்பேன். முதல் வகுப்பில் அவள் ஒரு தடவை சொன்னாள். அன்றிலிருந்து தினமும் போடுகிறார்.

சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று, "நாக்கு சரியா ஒட்டுதா பாரு, மீனா," என்றார்.

"உங்க டீச்சர்கிட்டயே கேளுங்க."

கண்ணாடியிலிருந்து என் பக்கம் திரும்பினார். "நீதான் கண்டுபுடிச்சேன்னு அவகிட்ட சொல்லியிருக்கணும். பொண்டாட்டி சொல்லி ஆறு வருஷம் கேக்கலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு," என்றார்.

செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். நன்றாகவே ஒட்டியிருந்தது. அதைச் சொல்ல மனசு வரவில்லை. இன்னும் ஒரு தடவை செய்யுங்கள் என்றேன்.

மறுபேச்சில்லாமல் செய்தார்.