எஸ்தருக்காக நீ சுற்றிப் பார்த்த ஊர்

இன்று மருமகள் சமையலறையில் ஆலிவ் எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்தாள். என் நெஞ்சுக்கு நல்லதென்று டாக்டர் சொன்னாராம். படப்பைக் கடைகளில் இப்போது அதெல்லாம் கிடைக்கிறது. நாம் இத்தாலியில் முகர்ந்த அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. இதற்கு முன் எழுதத் தெம்பு வரவில்லை.

1991-இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நாம் வேலை செய்த காகித ஆலைக்கு இத்தாலியிலிருந்து புது மிஷின் வரவிருந்தது. பிரித்துப் பூட்டக் கற்றுக்கொள்ள, ஃபிட்டர்களான நம் இருவரையும் அங்கே அனுப்பினார்கள். மிஷின் செய்யும் இடத்துக்குப் பக்கத்து ஊர் லூக்கா. "பைபிள்ல கீற பேரு மச்சான்" என்றாய். வேறெதையும் நீ பேசும் நிலையில் இல்லை. உனக்கும் எஸ்தருக்கும் முதல் குழந்தை பிறந்த சில நாளிலேயே இறந்திருந்தது. படப்பையில் அம்மா வீட்டுக்குப் போன எஸ்தர் திரும்பவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தூங்கினால் போதுமென்றிருந்தது. நீ விடவில்லை. ஊரைச் சுற்றிய மதில்மேல் நடந்தோம். மதில் என்றால் சுவரில்லை, மரம் வைத்த அகலமான சாலை. குடும்பம் குடும்பமாக அதில் சைக்கிள் விட்டார்கள். கீழே முட்டை வடிவத்தில் ஒரு முற்றம், சுற்றிலும் வளைந்து நிற்கும் வீடுகள். பெரிய சர்ச் வாசலில் பழைய சாமான் சந்தை, கடிகாரம், கதவுப் பிடி, கை உடைந்த பொம்மை. பட்டுக் கடையில் ஒரு கழுத்துத் துணியை வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாய். ஏன் என்று கேட்டேன்.

"சாமான் வாங்கினு போனா அவ தொடக்கூட மாட்டா. ஊர எடுத்துகினு போறேன். நல்லா பாத்துக்கோ, நான் மறந்துட்டா நீதான் சொல்லணும்."

உச்சியில் மரங்கள் வளர்ந்த கோபுரம் ஒன்று இருந்தது. என் கால் வீங்கி, நாம் போய்ச் சேர்வதற்குள் அதைப் பூட்டிவிட்டார்கள். நீ கீழே நின்று அண்ணாந்து பார்த்தாய்.

திரும்பி வந்ததும் ஷிஃப்ட் முடிந்து தினமும் சைக்கிளில் படப்பைக்குப் போனாய். வழியில் ஒரகடம் அப்போது ஏரியும் வேர்க்கடலை வயலும்தான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே இருப்பவளுக்குக் கேட்கும்படி மாமியாரிடம் ஒவ்வொரு தெருவாகச் சொன்னாய். ஒருநாள் கதவுக்குப் பின்னாலிருந்து எஸ்தர், "அவ்ளோ ஒசரத்துல மரத்துக்கு மண்ணு ஏது?" என்று கேட்டாளாம். மறுநாள் ஆலையில் இதை என்னிடம் சொன்னாய். மேலே ஏறி மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது என்று பதில் சொல்லியிருக்கிறாய்.

"நாம ஏறவே இல்லியேடா."

"நேத்து ஏறிட்டேன் மச்சான்."

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எஸ்தர் குன்றத்தூருக்கு, உன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இப்போது வாரம் ஒருமுறை ஷேர் ஆட்டோ பிடித்து அவளைப் பார்க்கப் போகிறேன். முழங்கால் ஒத்துழைப்பதில்லை. உன் பையன்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். அவள் அந்த ஊரைச் சொல்லச் சொல்வாள். எனக்குத் தெருக்கள் குழம்புகின்றன. அவள்தான் திருத்துவாள். அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போகிறேன்.

போன வாரம் திடீரென்று கேட்டாள். "அவரு அங்க அழுதாரா அண்ணா?"

நீ அவளிடம் சொல்லாமல் விட்டது அந்த ஒரு தெருவைத்தான். ஒரு சந்து முனையில் ரொட்டிக் கடை. சோம்பும் உலர்ந்த திராட்சையும் போட்ட வட்ட ரொட்டி. ஒரு துண்டை வாயில் வைத்த நீ மெல்ல முடியாமல் குலுங்கிக் குலுங்கி அழுதாய். கடைக்காரம்மா வெளியே வந்து, உன் முதுகில் கை வைத்தபடி நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் உன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக அதை யாரிடமும் இறக்கி வைக்க முடியவில்லை.

எஸ்தரிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "அந்தக் கடைக்கு எப்படிப் போவணும்?" என்று கேட்டாள். எனக்கு மறக்காத வழி அது ஒன்றுதான். முதல் திருப்பத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.