ஐந்து மணி நேரத் தூரம்

செங்கல்பட்டு
4.6.1976

அன்பு மருமகன் அமானுல்லாவுக்கு மாமா நைனா முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். உன் அம்மாவுக்குக் கொஞ்சம் இருமல், அவ்வளவுதான். என் அக்காவாயிற்றே, இருமலிலும் ஒரு கம்பீரம்! உன் தங்கை ஜஹனாரா அழுது எழுதியிருந்தால் கிழித்துப் போடு.

துபாய் ஏதோ உலகத்தின் மறுகோடி என்று ஏங்குகிறாயாம். பள்ளிக்கூட உலகப் படத்தில் நூல் பிடித்து அளந்துவிட்டேன். பம்பாய்க்கும் துபாய்க்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. விமானத்தில் மூன்று மணி நேரம். பம்பாயிலிருந்து மீனம்பாக்கம் இரண்டு. ஆக ஐந்து. ஒரு பைலட்டே என் தோளில் கை போட்டுச் சொன்னார். இங்கே மகாபலிபுரம் பஸ்ஸுக்கு நின்றாலே அவ்வளவு நேரம் ஆகும்!

உன் மாமா
நைனா முகம்மது

துபாய்
19.6.1976

மதிப்புள்ள மாமாவுக்கு ஸலாம்.

அம்மாவுக்கு இருமலில் ரத்தம் வருவதாக ஜஹனாரா எழுதியிருக்கிறாள். சின்னப் பெண், பயந்து எழுதுகிறாளா என்று தெரியவில்லை. வீட்டில் விவரம் தெரிந்தவர் நீங்கள்தான். எங்கள் பாஸ்போர்ட் எல்லாம் முதலாளியின் பெட்டியில் இருக்கிறது. கெஞ்சி வாங்கி, டிக்கெட் எடுக்கப் பத்து நாளாவது ஆகும். நீங்கள் 'வா' என்று ஒரு வார்த்தை எழுதினால் உடனே கேட்டுவிடுவேன். அம்மாவை உயிரோடு பார்க்க வேண்டும் மாமா.

அமானுல்லா

செங்கல்பட்டு
2.7.1976

மருமகனே,

அக்கா இப்போது பெரியாஸ்பத்திரியில், ஜன்னல் ஓரக் கட்டிலில், ராணி மாதிரி இருக்கிறாள். டாக்டர் நரசிம்மன் எனக்கு ரொம்ப வேண்டியவர். "புள்ளைக்கு எழுதிட்டீங்களா பாய்?" என்றார். "இன்னாத்துக்கு சார்? அஞ்சு மணி நேரத்துல வந்துகினு போற தூரம்" என்றேன். அசந்துபோய் என்னையே பார்த்தார்.

இப்போது லீவு கேட்டு முதலாளியின் மனதைக் கெடுத்துக்கொள்ளாதே. தேவையென்றால் காலையில் தந்தி அடிப்பேன். சாயந்திரம் நீ இங்கே. நேற்று அக்கா, "அமானு எங்கடா?" என்றாள். "ஏரோப்ளேன் சத்தம் கேக்குதா? அவன்தான்" என்றேன். கண்ணைத் திறந்து வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நைனா முகம்மது

செங்கல்பட்டு
21.7.1976

மருமகனே,

தந்தி கிடைத்திருக்கும். வெள்ளிக்கிழமை விடியும்போது அக்கா மவுத்தாகிவிட்டாள். இப்படி ஒரு ஜனாஸா ஊர்வலத்தை ஊர் கண்டதில்லை, ரயிலடிவரை சனம். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எடுக்கலாம் என்றார்கள். நான் விடவில்லை. "தந்தி அடிச்சாச்சு, புள்ள வந்துகினு கீறான்" என்று நிறுத்தி வைத்துவிட்டு, டாக்சியில் மீனம்பாக்கம் பறந்தேன். பம்பாய் விமானத்தில் இறங்கிய ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

சாயந்திரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பக்கத்து வீட்டுக் கியாசுதீன் பாய் சத்தம் போட்டாராம். "மய்யத்த எவ்ளோ நேரம் வச்சிக்கினு இருக்கறது? ஏரோப்ளேன் பள்ளிவாசல்லயா வந்து எறங்கும்?" நான் திரும்பியபோது மண் போட்டாகிவிட்டது.

நீ ஏன் வரவில்லை? கேட்கிறவர்களிடம் துபாயில் புயல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன்னைப் பெற்ற அத்தா அன்றிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை. மற்றபடி இரும்பு மாதிரி இருக்கிறார். கவலைப்படாதே.

நைனா முகம்மது

துபாய்
5.8.1976

மாமாவுக்கு,

உங்கள் தந்தி ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதலாளியிடம் போய் நின்றேன். "அடக்கியிருப்பார்களே, இனி எதற்கு?" என்றார்.

அத்தாவைப் பார்க்க வருகிறேன். பாஸ்போர்ட்டுக்குச் சொல்லிவிட்டேன். கிடைக்கும்வரை அவரைப் பற்றி ஜஹனாரா மட்டும் எழுதினால் போதும். இந்த வாரம் அறை மாறுகிறேன். புது முகவரியை அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். அவளிடம் கேட்காதீர்கள்.

அமானுல்லா